கரண்ட் போனால் முதலில் சத்தம் போடுவது யார்?

எழுதச் சொன்னது ஸ்டெல்லா. எங்கள் பழைய முதலாளியின் மகள். இப்போது கடை அவர் கையில். கொழும்புப் புறக்கோட்டையில் அதே இடம், அதே இரும்புக் கதவு. உள்ளே மாறிவிட்டது. முன்னால் சோலார் தட்டுகளும் பேட்டரிப் பெட்டிகளும். ஜெனரேட்டர்கள் பின்னால், துணி போட்டு மூடிக் கிடக்கின்றன.

ஆனாலும் வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வேண்டும் என்று யாராவது வரத்தான் செய்கிறார்கள். புது ஆட்கள் போனில் கணக்குப் போட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மெஷின் போன வேகத்தில் திரும்பி வருகிறது.

"அந்தனி அங்கிள், அப்பா எப்படி மெஷின் தெரிஞ்சு குடுப்பாருன்னு எழுதித் தாங்க" என்றார் ஸ்டெல்லா.

எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்றேன். "பேசுற மாதிரி எழுதுங்க" என்றார். நான் பேசுவதும் குறைவு என்றேன். விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை. நான் கடைக்கு வந்தது நாட்டாமியாக, சுமை தூக்க. அப்போது கடையில் தண்ணீர் மோட்டார்தான். தூக்கினேன். பிறகு ஒன்றைத் திறந்து பார்த்தேன். பிறகு பூட்டினேன். பூட்டிய பிறகும் ஓடியது. அதோடு தூக்கச் சொல்வதை முதலாளி நிறுத்திவிட்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளி பெயர் பர்னாந்து. கனத்த ஆள். கடை வாசலில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் அவரைத் தாங்கியது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வாடிக்கையாளரைப் பார்த்துப் பேச மாட்டார். எதிரே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஜெனரேட்டர் வேண்டும் என்று யார் வந்தாலும் எத்தனை வாட் என்று கேட்க மாட்டார். ஒரே ஒரு கேள்விதான்.

"கரண்ட் போனா உங்க வீட்டுல மொதல்ல சத்தம் போடுறது யாரு?"

வந்தவர்கள் திகைப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். யோசித்தால் பதில் வரும். ஒரு அம்மா "நான்தான், பிரிஜ்ஜில மீன் இருக்கு" என்றார். அவருக்கு பிரிஜ் எழும்பத் தாங்குகிற மெஷின். ஒருவர் "மகன், இன்டர்நெட் போயிடும்" என்றார். அவருக்கு மெஷினே கொடுக்கவில்லை. சின்ன பேட்டரி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். தெமட்டகொடையிலிருந்து வந்த ஒருவர் நன்றாக யோசித்துவிட்டு, "நாய்" என்றார்.

முதலாளி முதல்முறையாக ஃபேனிலிருந்து கண்ணை எடுத்தார். "நாய்க்கு என்ன வேணும்?"

"ஃபேன்."

கடையில் இருந்ததிலேயே சின்னதைக் கொடுத்தார். அந்த மெஷின் திரும்பி வரவில்லை.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மோட்டார் உள்ள சாமான், அதாவது பிரிஜ், கிணற்று மோட்டார், கிரைண்டர், எல்லாம் எழும்பும்போது அதிகம் கேட்கும், எழும்பிய பிறகு அடங்கிவிடும். சூடாகிற சாமான், அதாவது கெட்டில், அயன் பெட்டி, ரைஸ் குக்கர், அடங்கவே அடங்காது. நிறுத்தும்வரை தின்றுகொண்டே இருக்கும். "சூடாகிறது எதையும் மெஷினில கொழுவாதே. அதுக்கு அடுப்பு இருக்கு" என்பார் முதலாளி. இதை வைத்தே பாதிக் கணக்குப் போட்டுவிடலாம்.

அவருக்குக் கோபம் வந்து இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, மெஷினைக் குசினிக்குள், அடுப்படியில், வைக்கலாமா என்று கேட்டால். புகையில் மணக்காத விஷம் ஒன்று உண்டு. தூங்குகிறவன் எழும்ப மாட்டான். அப்படிக் கேட்டவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மற்றது, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை யாராவது கொண்டுவந்தால். அதைச் சுவரில் குத்தினால் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும். கம்பத்தில் ஏறி நிற்பவன் செத்துப்போவான். முதலாளி கட்டரை எடுத்து வயரைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளை ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுப்பார்.

கடைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. மெஷின் போன வீட்டில் முதல் தடவை கரண்ட் வெட்டும்போது, அதைக் கொடுத்தவன் அங்கே இருக்க வேண்டும். கரண்ட் திரும்பி வரும்வரை எழும்பி வரக்கூடாது. இதனால் நான் கொழும்பில் கன வீடுகளில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். சில வீடுகளில் சண்டை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மாமாவாகவும் இருந்திருக்கிறேன். அதைத்தான் எழுத வேண்டும்.

தினமும் கரண்ட் வெட்டிய காலம் அது. எந்த ஏரியாவுக்கு எந்த நேரம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் சிவபாதம். பேங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. முதலாளி கேள்வியைக் கேட்டார்.

"எங்கட வீட்டில ஒருத்தரும் சத்தம் போடுறதில்லை" என்றார் சிவபாதம். "நாங்கள் டீசன்டான ஆக்கள்."

"அப்ப உங்களுக்கு மெஷின் தேவையில்ல."

"தேவை. சத்தம் இல்லாத மெஷின் வேணும்."

"சத்தம் குறைஞ்சது இருக்கு."

"குறைஞ்சது சரிவராது. சத்தமே இருக்கக் கூடாது."

முதலாளி ஃபேனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் சிவபாதத்தைப் பம்புகளுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார்.

மகள் தர்ஷினிக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் போனில் கதைத்து, பிடித்துப்போய்விட்டது. இனி மாப்பிள்ளையும் அவர் தாய்க்காரியும் வந்து பார்ப்பதுதான் பாக்கி. தாய்க்காரி போனில், "கொழும்பில கரண்ட் இல்லையாமே, நாங்கள் ஒரு ஹோட்டலில சந்திப்பமே?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. பெண் பார்க்க ஹோட்டலா? "எங்கட ஒழுங்கையில கரண்ட் போறதே இல்லை. ஆஸ்பத்திரி லைன்" என்று சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரி கிட்டவா?" என்றேன்.

"இல்லை."

அவர்கள் வரும் நேரமும் கரண்ட் வெட்டும் நேரமும் ஒன்று.

"சொன்னது பொய்யெண்டு தெரிஞ்சால் அந்த மனுசி எழும்பிப் போயிடும். பிள்ளை பாவம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "இன்வெர்ட்டர் மெஷின் ஒன்றைக் குடு" என்றார். அது பெற்றோல் மெஷின்தான். பெட்டிக்குள் அடைத்திருக்கும், தேவைக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்றவை டிராக்டர் என்றால் இது தையல் மெஷின். ஆனால் சின்னது. பாரம் கூடினால் சிவப்பு லைட்டைப் போட்டுக் கரண்டை விட்டுவிடும். பிறகு நிறுத்தி, பாரத்தைக் குறைத்து, திரும்ப இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போனேன். சிவபாதத்தின் மனைவி பரமேஸ் என்ன என்ன ஓட வேண்டும் என்று சொன்னார். லைட்டுகள், ஃபேன்கள், பிரிஜ்.

"பிரிஜ் ஒரு மணித்தியாலம் நிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது" என்றேன்.

"ஐயோ அண்ணை, வெளிநாட்டு ஆக்கள் வந்தவுடன பிரிஜ்ஜைத்தான் திறக்கிறது. திறந்தால் உள்ளுக்கு லைட் எரியவேணும்."

பிரிஜ்ஜையும் சேர்த்துக்கொண்டேன். கெட்டில் வேண்டாம் என்றேன். "கெட்டில் என்னத்துக்கு? பால் தேத்தண்ணி போட்டு பிளாஸ்கில வைச்சிடுவன்" என்றார்.

மெஷினை எங்கே வைப்பது? வெளியேதான். ஆனால் அவர்கள் வளவில் வைத்தால் முன் அறைக்குக் கேட்கும். சிவபாதம் பக்கத்து வீட்டுப் பியசேனவோடு பேசினார். பியசேன பஸ் ஓட்டி ஓய்ந்தவர், தனி ஆள். மெஷின் அவர் பின்வளவில், வீடுகளுக்குத் தள்ளி. வயர் மதிலுக்கு மேலால். கூலியாக அவர் டீவிக்கு ஒரு லைன். அன்றைக்குக் கிரிக்கட் மெட்ச்.

அவர் டீவி தாங்குமா என்று பார்த்தேன். தாங்கும். வீட்டு மெயின் லைனை வெட்டி மெஷின் லைனுக்கு மாற்றுகிற சுவிட்ச் ஒன்றும் பூட்டினேன். பெற்றோல் தட்டுப்பாடு, வண்டியில்தான் ஊற்றுவார்கள். சிவபாதம் காரோடு கியூவில் நின்று, பிறகு காரிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார். கொஞ்சம் குடித்தும்விட்டார்.

மெஷினை ஸ்டார்ட் பண்ண அவருக்கு முதுகு வராது. பரமேஸுக்குப் பயம். தர்ஷினி "நான் இழுக்கிறன்" என்றது. மதில் கதவால் போய்க் காட்டிக் கொடுத்தேன். பெற்றோலைத் திற. மெஷின் குளிராக இருந்தால் சோக்கை இழு, சூடாக இருந்தால் இழுக்காதே. கயிற்றை மெல்ல இழு, இறுகும். இறுகின இடத்திலிருந்து ஒரே இழுவை. ஓடத் தொடங்கிய பிறகு பாரத்தைப் போடு. பிள்ளை முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் பண்ணிவிட்டது. எனக்கு அது முதல் நாளில் வரவில்லை.

பார்க்க வரும் நாளும் வந்தது. கடை வழக்கப்படி நான் இருக்க வேண்டும். மெஷின்காரன் என்று சொல்ல முடியாது. சிவபாதம் தன்னுடைய வெள்ளைச் சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்கள் பிள்ளையின்ர மாமா" என்றார்.

"நான் வேதக்காரன்" என்றேன். கழுத்தில் அந்தோனியார் சுரூபம் தொங்கியது.

"சேர்ட்டுக்குள்ள விடுங்கோ."

விட்டேன்.

அவர்கள் வருமுன்பே மெஷினை ஓடவிட்டு, வீட்டை அதில் போட்டாயிற்று. வந்தார்கள். தாய்க்காரி நிமிர்ந்த நடை, கையில் தண்ணீர்ப் போத்தல். மாப்பிள்ளை நிரோஷன் நல்ல உயரம், பேச்சுக் குறைவு. எனக்குப் பிடித்தது. என்னை மாமா என்று அறிமுகப்படுத்தினார்கள்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று தாய்க்காரி என்னைக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனை."

"அது சரி, ஊர்?"

"கொட்டாஞ்சேனைதான்."

"இவையளுக்கு என்ன முறை? தாய் வழியோ தகப்பன் வழியோ?"

"தூரம்" என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில ஒரு மணித்தியாலம் எடுக்கும்."

சிவபாதம் இருமினார். பரமேஸ் வடை கொண்டுவந்தார்.

அப்போது வெளியே ஒழுங்கை முழுக்க இருண்டது. கரண்ட் வெட்டியாயிற்று. எங்கள் வீட்டில் ஒரு பல்ப்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காட்டவில்லை. தாய்க்காரி ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இருட்டு. உங்கட வீட்டில மட்டும் லைட். பக்கத்து வீட்டில டீவி ஓடுது."

"ஆஸ்பத்திரி லைன்" என்றார் சிவபாதம்.

"ஆஸ்பத்திரி எங்க?"

"கொஞ்சம் தள்ளி."

தாய்க்காரி காதைச் சாய்த்தார். "அதென்ன, ர்ர்ர் எண்டு ஒரு சத்தம்?"

"பக்கத்து வீட்டுக் கிணத்து மோட்டர்."

"இவ்வளவு நேரமோ?"

"அவர் கனக்கக் குளிக்கிற ஆள்."

தர்ஷினி நிலத்தைப் பார்த்தது. வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். சிரிப்பு.

பரமேஸ் பிளாஸ்க்கைத் தூக்கினார். "பால் தேத்தண்ணி ஊத்தட்டே?"

"எனக்குக் கிரீன் டீ போதும்" என்றார் தாய்க்காரி. "நான் கொண்டுவந்தனான். கொதி தண்ணி மட்டும் தாங்கோ."

பிளாஸ்கில் இருந்தது பால் ஊற்றிய தேத்தண்ணி. காஸ் சிலிண்டரோ வடையோடு முடிந்துவிட்டது. பரமேஸ் என்னைப் பார்த்தார். நான் சிவபாதத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்கள் இருங்கோ, கஷ்டப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தாய்க்காரி தானே எழும்பிக் குசினிக்குள் போனார். போகிற வழியில் பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தார். லைட் எரிந்தது. பரமேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில்தான் சிக்கல். மெஷினில் ஓடும் வீட்டில் கெட்டிலைப் போட வேண்டாம் என்று சொல்லலாம். கரண்ட் போகவே போகாத வீட்டில் எப்படிச் சொல்வது? சிவபாதம் வாயைத் திறந்தார். மூடினார். நான் எழும்பினேன்.

"இருங்கோ மச்சான், இருங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இருந்தேன்.

கெட்டில் சுவிட்ச் சத்தம் கேட்டது. வீடு முழுக்க இருட்டு.

ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிறகு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பியசேனவின் குரல் வந்தது. அந்தக் குரலைத் தூரத்தில் கோல்பேஸ் கடற்கரையில் நின்றாலும் கேட்கலாம்.

"சிவபாதம் மாத்தயா! மெஷின் எக்க பலன்ன! மெட்ச் எக்க இவறய்!"

மெஷினைப் பாருங்கள், மெட்ச் முடியப்போகிறது என்று. தாய்க்காரிக்குச் சிங்களம் மறந்திருக்கலாம். ஆனால் மெஷின் என்பது மெஷின்தான்.

"கரண்ட் போறதில்லை எண்டீங்கள்" என்று குசினிப் பக்கமிருந்து கேட்டது.

இருட்டில் சிவபாதத்தின் மூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவும் அந்தப் பிள்ளைக்காகச் செய்தவர். இப்போது அந்த மனுசி பையை எடுத்துக்கொண்டு எழும்பினால் முடிந்தது.

"அப்பா சும்மா சொன்னவர், மாமி" என்றது தர்ஷினி. இருட்டில் அதன் குரல் நன்றாகத்தான் இருந்தது. "ஹோட்டலில வைச்சால் உங்களுக்கு மரியாதை இல்லையெண்டு நினைச்சவர். ஜெனரேட்டர்தான். கெட்டில் கனக்க இழுக்கும். அதை ஓஃப் பண்ணிவிடுங்கோ. நான் போய் ஸ்டார்ட் பண்ணுறன்."

சொல்லிவிட்டுச் சாரியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மதில் கதவால் போனது. நிரோஷன் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

நாங்கள் இருட்டில் இருந்தோம். தாய்க்காரி தடவித் தடவி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கள் உண்மையில ஆர்?"

"மெஷின் கடை" என்றேன்.

"நினைச்சனான். சேர்ட் உங்கட இல்லை."

சிவபாதம், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினார்.

"பொறுங்கோ" என்றார் தாய்க்காரி. "நானும் ஒண்டு சொல்லவேணும். நான் கிரீன் டீ குடிக்கிறேல்லை. அது வைக்கல் ஊறின தண்ணி மாதிரி இருக்கும். கனடாவில இருந்து வந்திட்டு உடன பால் தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சால் என்ன நினைப்பீங்களோ எண்டுதான் கேட்டனான். அந்த பிளாஸ்க் எங்க?"

பரமேஸ் இருட்டிலேயே ஊற்றினார். பாதி கோப்பையில் விழுந்தது. மீதி என் மேல். சேர்ட் சிவபாதத்தினுடையது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் ஸ்டார்ட் ஆகக் கன நேரம் எடுத்தது. சூடான மெஷின் ஒரு இழுவையில் வரும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். பின்வளவிலிருந்து கயிறு இழுக்கும் சத்தமே வரவில்லை. சிரிப்புச் சத்தம்தான் வந்தது. இடையில் பியசேன, "அனே துவே, மெட்ச்!" என்று, ஐயோ மகளே என்று கெஞ்சினார். போய்ப் பார்க்கட்டுமா என்று சிவபாதம் என்னைக் கேட்டார்.

"சில நேரம் சுணங்கும்" என்றேன்.

தாய்க்காரி தேத்தண்ணியை உறிஞ்சினார். "சுணங்கட்டும்" என்றார்.

லைட் வந்தபோது தர்ஷினியின் சாரியில் கிரீஸ். நிரோஷனின் கன்னத்திலும் கிரீஸ். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் கடையில் முதலாளிக்கு நடந்ததைச் சொன்னேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொதல்ல சத்தம் போட்டது யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

"அப்ப மெஷின அவருக்கு வித்திருக்கணும்."

அதன்படியே நடந்தது. பிள்ளை கனடா போன பிறகு சிவபாதம் மெஷினைப் பியசேனவிடமே விட்டுவிட்டார். சும்மா கிடந்தால் பெற்றோல் பிசின் பிடிக்கும். பியசேன மாதத்துக்கு ஒருமுறை ஓட விடுகிறார், கரண்ட் இருந்தாலும். அதில்தான் டீவி பார்க்கிறார்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு ஹோலில் நடந்தது. எனக்கும் அழைப்பு. மாமாமாருக்கான முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினார்கள். சேர்ட் இந்தமுறை என்னுடையது. சுரூபத்தை வெளியே விட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார். "தூரம்" என்றேன்.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் சாப்பிட எழும்பும் நேரம், கரண்ட் போனது. அந்த ஹோலுக்குப் பெரிய மெஷின் உண்டு. தானாக எழும்பும். ஆனால் எழும்ப ஒரு மூச்சு விடும் நேரம் எடுக்கும். அந்த இருட்டுக்குள் மணவறைப் பக்கமிருந்து ஒரு குரல், தெளிவாக.

"ஆரும் கெட்டில் போடாதேங்கோ."

நிரோஷனின் தாய்க்காரி. லைட் வந்தபோது மாலையோடு இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. சிவபாதமும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்டெல்லா, புது ஆட்களுக்கு இதைச் சொல்லுங்கள். வாட் கணக்கைப் பிறகு போடலாம். அந்தக் குடும்பத்தில் யாராவது இனி மெஷின் கேட்டு வந்தால் கேள்வியும் கேட்க வேண்டாம். முதலில் சத்தம் போடுவது யாரென்று எனக்குத் தெரியும். கெட்டில் தாங்குகிறதாகப் பார்த்துக் கொடுங்கள்.